பெட்டி மூடுவதற்கு முன்

அன்று மத்தியானம் வீட்டில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

நான். லேத் ஓட்டுகிறவன். புனே கசார்வாடியில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் முப்பத்திரண்டு வருடமாக வேலை.

என் மனைவி. வலது கண்ணில் புரை எடுத்து எட்டு நாள் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். இடது கண்ணுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை.

எங்கள் மருமகள். கட்கி கண்டோன்மென்ட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழில் ஆரம்பிப்பாள், பாதியில் இந்தி வந்துவிடும்.

மேல்வீட்டு மராத்திக்காரர். தொழிற்சாலை ஒன்றில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை நான் தாதா என்பேன். அவர் என்னை அண்ணா என்பார். இரண்டுக்கும் ஒரே அர்த்தம். யார் மூத்தவர் என்று இதுவரை கேட்டுக்கொண்டதில்லை.

மகன் இல்லை. சாக்கனில் கம்பெனி. உள்ளே போகும்போது செல்போனை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் திரும்பக் கையில் கிடைக்கும்.

காலையில் ஆறு மணிக்கு ஊரிலிருந்து போன் வந்தது. என் மனைவியின் அண்ணன் மகன். அவள்தான் எடுத்தாள்.

"அத்தை, அப்பா போயிட்டாவ."

போனை என்னிடம் தந்தாள். அடக்கம் எப்போது என்று கேட்டேன். இன்றைக்கே நாலு மணிக்கு என்றான். ஒரு நாள் பொறுக்கக் கூடாதா என்றேன்.

"கால்ல புண்ணு மாமா. சுகரு. வச்சிருக்கப்பிடாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

எங்கள் ஊர் திருநெல்வேலிக்குத் தெற்கே. புனேயிலிருந்து ரயிலில் ஒன்றரை நாள். விமானத்தில் போனாலும் இறங்கி ஊர் சேர ராத்திரி ஆகிவிடும். இருந்தாலும் கண் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டோம். பிரயாணம் கூடாது, குனியக் கூடாது, கண்ணில் தூசி படக் கூடாது என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவளுக்குக் கூடப் பிறந்தது அந்த அண்ணன் ஒருவன்தான். அவள் அழவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டு ஒன்று மட்டும் சொன்னாள்.

"அம்ம மொகத்தயும் பாக்கல."

அது உண்மை. அவள் அம்மா இறந்தபோது ரயிலில்தான் போனோம். போய்ச் சேர்ந்தபோது மண் குவித்து ஒரு நாள் ஆகியிருந்தது. மேலே போட்ட பூ காய்ந்திருந்தது. அந்த மண்ணின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினோம். வரும் வழியெல்லாம் அவள் என்னோடு பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. நான்தான் லீவு கேட்கப் போய் ஒரு வண்டியைத் தவறவிட்டிருந்தேன்.

பத்து மணிக்கு மறுபடி அண்ணன் மகன் பேசினான். ஸ்டூடியோக்காரர் வந்து லைவ் போடுகிறார், மூன்று மணிக்கு ஆரம்பம், லிங்க் அனுப்புகிறேன், டிவியில் போட்டுப் பாருங்கள் என்றான். அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. மத்தியானம் சேலை மாற்றினாள். வெள்ளையில் சின்னக் கரை போட்டது. அடக்கத்துக்குப் போகிறவள் கட்டுகிற சேலை.

டிவி, மகன் கல்யாணத்தின்போது அவனே வாங்கியது. நெட்டில் எல்லாம் வரும் என்று கடையில் சொன்னார்கள். முதல் இரண்டு நாள் வந்தது. பிறகு வரவில்லை. மகன் மூன்று நான்கு தடவை பார்த்தான். "வைஃபை சரியில்லப்பா" என்று விட்டுவிட்டான். அவனுக்குப் பார்க்க வேண்டியதைச் செல்போனில் பார்த்துக்கொண்டான். எங்களுக்குக் கேபிள் போதும். மிஷினில் ஒரு பாகம் ஓடாமல் இருந்தாலும் அன்றைய வேலை நடந்துவிட்டால் அந்தப் பாகத்தை யாரும் தொடமாட்டார்கள். வீட்டிலும் அப்படித்தான்.

இரண்டரை மணிக்கு மருமகள் டிவியைப் போட்டாள். டிவி வைஃபை பெயரைக் காட்டியது. அவள் ரிமோட்டால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி பாஸ்வேர்டைப் போட்டாள். பச்சையாக ஒரு குறி வந்தது. அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி.

"கனெக்ட் ஆயிடுச்சு மாமா. லேகின் நெட் இல்லைன்னு போட்டிருக்கு."

"கனெக்ட் ஆயிட்டுன்னா நெட்டு எங்க போச்சு?"

"அதான் தெரியல."

செல்போனில் எல்லாம் வந்தது. அதே வைஃபைதான். டிவியில் மட்டும் இல்லை.

மூன்று மணிக்கு லைவ் ஆரம்பித்தது. மருமகள் தன் செல்போனில் போட்டு மாமியார் கையில் கொடுத்தாள். அவள் மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். கண்ணில் வைத்த புது லென்ஸ் தூரத்துக்கு. கிட்டத்தில் பார்க்கிற கண்ணாடி ஒரு மாதம் கழித்துத்தான் தருவார்கள். இடது கண்ணில் ஏற்கெனவே பனி மூடியது போல.

"வெள்ளையாப் பொகையாட்டம் இருக்கு. ஆரு என்னன்னு ஒண்ணும் தெரியல."

செல்போனை மடியில் வைத்துக்கொண்டாள். அதிலிருந்து பாட்டு வந்தது. ஊரில் துக்க வீட்டில் பாடுகிற பாட்டு. அதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மருமகளுக்கு மனசு கேட்கவில்லை. "அத்தை, ரெக்கார்டிங் இருக்கும். சாயங்காலம் அவர் வந்து எப்படியாவது போட்டுத் தருவார்" என்றாள்.

"பெறவு பாத்தா அது வெறும் போட்டோ, யம்மா. இப்பப் பாத்தாத்தான் நான் போன மாதிரி."

மருமகள் ரிமோட்டை எடுத்தாள். மறுபடி பாஸ்வேர்டைப் போட ஆரம்பித்தாள்.

பாட்டுச் சத்தம் கேட்டு மேல்வீட்டுத் தாதா இறங்கி வந்தார். "காய் ஜாலா, அண்ணா?" என்றார். என்ன ஆச்சு என்று கேட்கிறார். சொன்னேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து டிவி முன்னால் சம்மணம் போட்டார்.

"பந்த் கர், சாலூ கர்" என்றார். அணை, போடு. எல்லாக் கோளாறுக்கும் அவரிடம் உள்ள முதல் மருந்து அது.

மருமகள் வைஃபை பெட்டியை அணைத்தாள். மடியில் பாட்டு நின்றது.

"பாட்டு நின்னுட்டு" என்றாள் என் மனைவி. தலையை மட்டும் தூக்கினாள்.

"ரெண்டு நிமிஷம் அத்தை."

பிறகு பாட்டு வந்தது. டிவியில் அதே வரி.

தாதா விடவில்லை. சிக்னல் பத்தவில்லை என்றார். நடையில் ஆணியில் மாட்டியிருந்த வைஃபை பெட்டியை ஒயரோடு கழற்றி இழுத்துக்கொண்டு வந்தார். ஒயர் எட்டிய மட்டும் வந்து, டிவிக்கு நேராக இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது பார் என்றார். அதே வரி. இன்னும் கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்தார். வலது பக்கம் நகர்ந்தார்.

"தாதாவ உக்காரச் சொல்லுங்க. டிவிக்கு ஆரத்தி எடுக்காப்பல நிக்காவ" என்றாள் என் மனைவி.

ஆரத்தி என்ற சொல் அவருக்கும் புரிந்தது. சிரித்துவிட்டார். உடனே துக்க வீடு என்று நினைவு வந்து வாயை மூடிக்கொண்டார். பெட்டியைக் கீழே வைத்தார்.

அடுத்து அவர் தன் செல்போனை எடுத்தார். அது வேறு கம்பெனி நெட். அதிலிருந்து டிவிக்குக் கொடுக்கலாம் என்றார். மருமகள் அதையும் செய்தாள். டிவி அவர் செல்போனையும் பிடித்துக்கொண்டது. பச்சைக் குறி வந்தது. கீழே அதே வரி.

"டிவி கராப், அண்ணா. ஷோரூமுக்குப் போன் பண்ணு" என்றார் தாதா. கராப் என்றால் கெட்டுப்போனது.

மருமகள் போன் செய்தாள். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே போனது. கடைசியில் நாளைக்குப் பத்து மணியிலிருந்து ஒரு மணிக்குள் ஆள் வருவார் என்றது. மருமகள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர்.

மணி மூன்று முப்பது. மடியில் பாட்டு முடிந்து ஒருவர் பைபிள் வாசிக்கிற குரல் கேட்டது.

"இனிப் போதகர் செய்தி. பெறவு ஜெபம். பெறவு பெட்டிய மூடிருவாவ" என்றாள் என் மனைவி. யாரிடமும் சொல்வது போல இல்லை.

அதுவரை நான் டிவியைத் தொடவில்லை. நான் படித்தது ஐந்தாவது வரை. ஆங்கிலம் வராது. எண் வரும். டிராயிங்கில் எண் தெரிந்தால் லேத் வேலைக்குப் போதும். டிவியில் வருவதோ எல்லாம் எழுத்து. படித்தவர்கள் பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஆனால் ஒன்று உறுத்தியது. ஒர்க்‌ஷாப்பில் மோட்டார் ஓடவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கி வேறு லைனில் போட்டுப் பார்ப்போம். அதிலும் ஓடவில்லை என்றால் லைனைத் திட்டுவதை நிறுத்திவிட்டு மோட்டாரைப் பார்ப்போம். இங்கே வீட்டு நெட்டையும் போட்டாயிற்று, தாதாவின் நெட்டையும் போட்டாயிற்று. இரண்டிலும் ஒரே வரி. அப்படியானால் மகன் இத்தனை நாள் வைஃபையைச் சொன்னது தப்பு. தாதா டிவி கெட்டது என்றதும் முழுசாகச் சரியில்லை. படம் வருகிறது. சத்தம் வருகிறது. கேபிள் வருகிறது. கெட்ட மிஷின் இத்தனை வேலை செய்யாது. செட்டிங் எங்கேயோ தப்பியிருக்கிறது.

மருமகளிடம் சொன்னேன். "உள்ள இருக்கத எல்லாம் ஒண்ணொண்ணாத் தெற. நீ எழுத்தப் பாரு. நான் நம்பரப் பாக்கேன்."

அவள் திறந்தாள். படம் என்றாள். சத்தம் என்றாள். மொழி என்றாள். அதிலெல்லாம் தப்பாக ஒன்றும் எனக்குப் படவில்லை. அடுத்த பக்கத்தில் நாலு எண் வரிசையாக இருந்தது. ஒன்று. ஒன்று. ஏதோ ஒரு வருடம். ஆறு முப்பத்தைந்து.

"நில்லு. இது என்னது?"

"டேட், மாமா. டைம்."

"இன்னைக்கு இதுவா?"

அவள் பார்த்தாள். ஜனவரி ஒன்றாம் தேதி, காலை ஆறு முப்பத்தைந்து. வருடம், ஒன்பது வருடத்துக்கு முந்தையது.

"அரே, தப்பு" என்றாள். "ஆனா அதுக்கும் நெட்டுக்கும் என்ன மாமா?"

எனக்கும் தெரியாது. ஆனால் பெரிய கம்பெனிகளுக்குக் கடைந்து முடித்த ஜாப் கொண்டு போய்க் கொடுத்திருக்கிறேன். கேட் பாஸில் தேதி தப்பாக இருந்தால் வாட்ச்மேன் விடமாட்டான். இருபது வருடமாக என் முகத்தைப் பார்க்கிறவனாக இருந்தாலும் விடமாட்டான். கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவான். இதுவும் அப்படி ஒரு கேட்டில் நிற்கிறதோ என்று நினைத்தேன்.

அப்போதுதான் அடுத்தது உறைத்தது. தேதி ஏன் தப்பிற்று என்பது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முந்தின ஷிப்ட்காரன் ஒருவன் மெயினை அணைக்காமல் போய்விட்டான். அடுத்து வந்தவன் ஜாப்பைப் பிடித்துச் சுற்றுகிற சக்கில் சிக்கிய இரும்புச் சுருளை எடுக்கக் கை வைத்தான். யாரோ தெரியாமல் பட்டனைத் தட்டினார்கள். இரண்டு விரல் போயிற்று. பக்கத்து மிஷினில் நான் நின்றிருந்தேன். அதிலிருந்து வேலை முடிந்தால் மெயினை அணைத்துவிட்டுத்தான் கை கழுவுவேன். வீட்டிலும் அதே கை. படுக்கப் போகும் முன் பிரிட்ஜ் தவிர எல்லா சுவிட்சையும் அணைப்பேன். டிவியையும். ரிமோட்டில் அணைத்தால் போதும் என்று மகன் சொல்லியிருக்கிறான். நான் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு வந்த கூட்டம் விடிய விடிய டிவி பார்த்த அந்த முதல் இரண்டு நாள்தான் அணைக்காமல் விட்டேன். தினமும் கரண்ட் போகிற டிவிக்குத் தேதி எங்கே நிற்கும்? அது போடும்போதெல்லாம் அந்தப் பழைய ஜனவரி ஒன்றிலிருந்து ஆரம்பித்திருக்கிறது.

"சுவிட்ச நான்தான் தெனம் அமத்துதேன்" என்றேன்.

"மெயின அமத்தாட்டா இவியளுக்குத் தூக்கம் வராது" என்றாள் என் மனைவி.

மருமகள் தாதாவுக்கு இந்தியில் சொன்னாள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சோர் கராதச் ஹோதா, அண்ணா" என்றார். திருடன் வீட்டுக்குள்ளேயே இருந்தான் என்கிறார். உண்மைதானே.

ரிமோட்டை நான் வாங்கிக்கொண்டேன். மேல் பட்டனை அழுத்தினால் வருடம் ஏறியது. ஒரு அழுத்துக்கு ஒரு வருடம்.

"என்ன செய்யுதிய?" என்று என் மனைவி கேட்டாள்.

"வருசத்த ஏத்துதேன்."

"இப்ப எதுல நிக்கி?"

சொன்னேன்.

"அந்த வருசந்தான் அண்ணன் இங்க வந்து ஒரு மாசம் இருந்தான்."

என் விரல் நின்றது. அந்த ஒரு மாதமும் காலையில் எழுந்து என் சைக்கிளைத் துடைத்து வைப்பார். வேண்டாம் மச்சான் என்றால் கேட்கமாட்டார். சும்மா உட்கார்ந்து சாப்பிட வெட்கம். அது நினைவு வந்தது. மடியில் போதகர் பேசிக்கொண்டிருந்தார். அழுத்தினேன். அடுத்த வருடம் வந்தது. அதற்கடுத்தது வந்தது. இந்த வருடம் வந்ததும் நிறுத்தினேன். மாதம், தேதி, மணி எல்லாம் மருமகள் தன் செல்போனைப் பார்த்துச் சொன்னாள். நான் வைத்தேன்.

பிறகு அவள் மறுபடி வைஃபைக்குப் போனாள். பாஸ்வேர்டில் ஒரு எழுத்துத் தப்பியது. "மெதுவாப் போடு" என்றேன். போட்டாள். பச்சைக் குறி வந்தது. கீழே பார்த்தேன். அந்த வரி இல்லை.

"ஆயிடுச்சு மாமா."

செல்போனிலிருந்து டிவிக்கு எதையோ தள்ளினாள். கறுப்புத் திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு படம் வந்தது.

அண்ணன் வீட்டு வாசல். பந்தல். பிளாஸ்டிக் நாற்காலிகள். என் மனைவி எழுந்து தன் நாற்காலியை டிவிக்கு எட்டடி தூரத்தில் இழுத்துப் போட்டாள். உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போதகர் ஜெபம் செய்துகொண்டிருந்தார். ஸ்டூடியோக்காரர் போதகரைக் காட்டினார், பந்தலைக் காட்டினார், தெருவில் நின்ற கூட்டத்தைக் காட்டினார். அண்ணனைக் காட்டவில்லை.

"அண்ணனக் காட்டச் சொல்லுங்க" என்றாள். நான் சொன்னால் அங்கே கேட்கும் என்பது போல.

"காட்டுவாவ. பொறு."

ஜெபம் முடிந்தது. வீட்டு ஆட்கள் கடைசியாக முகம் பார்க்க வந்தார்கள். அவர்களோடு கேமராவும் கிட்டே போனது. முகம் தெரிந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஜாப் மாட்டினால் மணி பார்ப்பது என் பழக்கம். அது தானாக நடந்தது.

அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். கழற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் தடுக்கவில்லை.

"சவரம் பண்ணலயே" என்றாள். "சவரம் பண்ணாம அவன் தெருவுல எறங்க மாட்டானே."

யாரோ நகர்ந்தார்கள். வெளிச்சம் விழுந்தது.

"இல்ல. பண்ணியிருக்காவ. நெழலு."

தாடையை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். சட்டையின் மேல் பட்டன் வரை போட்டிருந்தார்கள். மெலிந்திருந்தார். மூக்கு மட்டும் அப்படியே இருந்தது. அவளுக்கும் அதே மூக்கு. தாதா எழுந்து நின்று கைகூப்பினார். மருமகள் தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டாள். நானும் நின்றேன். என் மனைவி வாய்க்குள் என்னவோ சொன்னாள். டிவிச் சத்தத்தில் கேட்கவில்லை. என்ன சொன்னாய் என்று நான் பிறகும் கேட்டதில்லை.

நாலு ஆண்கள் மூடியைக் கொண்டுவந்தார்கள். அண்ணன் மகன் குனிந்து நெற்றியில் முத்தமிட்டான். மூடினார்கள்.

அவள் உட்கார்ந்தாள்.

"கல்லறைத் தோட்டமும் காட்டுவாங்க அத்தை. வைக்கட்டுமா?" என்று மருமகள் கேட்டாள்.

"போதும் யம்மா. மண்ணு எனக்கு வேண்டாம்."

மருமகள் ரிமோட்டில் அணைத்தாள். அப்போதுதான் என் மனைவி அழுதாள். சத்தம் இல்லை. கண்ணில் தண்ணீர் படக் கூடாதே என்று மருமகள் பஞ்சால் ஒற்றிக்கொண்டே இருந்தாள்.

ஆறு மணிக்கு மேல்வீட்டிலிருந்து பாக்ரி ரொட்டியும் கடலைமாவுப் பிட்லாவும் வந்தது. துக்க வீட்டில் அன்று அடுப்பு எரியவிடக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். தாதாவின் மனைவி பாத்திரத்தை வைத்துவிட்டு என் மனைவியின் தலையைத் தடவினாள். இருவருக்கும் பொதுவாகப் பேச்சு அதிகம் கிடையாது. மகன் ஏழரைக்கு வந்தான். நடந்ததைச் சொன்னேன். டிவியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ரெக்கார்டிங்கை அண்ணன் மகன் அனுப்பினான். அவள் அதைப் போடச் சொல்லவில்லை. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று மருமகள் இரண்டு தடவை சொன்னாள். சரி என்றாள். அவ்வளவுதான்.

அவளுக்குச் சொட்டு மருந்து விடுவது என் வேலை. கை நடுங்காது என்பதால் எனக்குக் கொடுத்திருந்தார்கள். அடக்கம் முடிந்து ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, மருந்து விட்டு முடித்தேன். கண்ணை மூடிப் படுத்திருந்தாள். மூடியபடியே கேட்டாள்.

"எம்புட்டு நேரம் பாத்தேன்?"

கடிகாரம் பார்த்தது எனக்கு நினைவு இருந்தது. முகம் தெரிந்ததிலிருந்து மூடி வைத்தது வரை.

"நாலு நிமிசம்."